நோய் தாங்கும் ஆஸ்பென் மரத்தைப் பெருக்குவது எப்படி: விதையா, வேர்த்துளிரா, திசு வளர்ப்பா?

நோய் புகுந்த தோப்பின் நடுவே, பாப்லர் பேரினத்தைச் சேர்ந்த ஓர் ஆஸ்பென் மரம் மட்டும் பட்டை வெடிக்காமல், துளிர் கருகாமல் நிற்கிறது. அதைக் கொண்டு புதிய தோட்டம் ஒன்றை உருவாக்க வேண்டும். எந்த வழியில் பெருக்குவது? வனத்தோட்டம் போட விரும்புவோரும் சிறு நாற்றங்கால் நடத்துவோரும் தொடர்ந்து கேட்கும் கேள்வி இது. ஒருவர் விதையே போதும் என்கிறார், இன்னொருவர் ஆய்வகத்தில் செய்யும் திசு வளர்ப்பைத் தவிர வேறு வழியில்லை என்கிறார். கேட்பவர் இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்.

மற்ற பாப்லர் மரங்களில் இந்தச் சிக்கல் அநேகமாக எழுவதே இல்லை. கருப்புப் பாப்லரிலும் பால்சம் பாப்லரிலும் குளிர்காலத்தில் வெட்டிய குச்சியை ஈர மண்ணில் ஊன்றினாலே வேர் இறங்கிவிடும். ஆஸ்பென் அதே பேரினத்தைச் சேர்ந்ததாக இருந்தும் அவ்வாறு வேர்விடுவதில்லை. ஐரோப்பிய ஆஸ்பெனாகிய பாப்புலஸ் டிரெமுலா, வட அமெரிக்க ஆஸ்பெனாகிய பாப்புலஸ் டிரெமுலாய்ட்ஸ், இவ்விரண்டின் கலப்பினம் ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். ஊன்றிய குச்சி சேமித்து வைத்திருந்த உணவைக் கொண்டு மொட்டு விரிக்கும், சில இலைகளும் விடும். வேர் இல்லாததால் சில வாரங்களில் வாடிவிடும். எனவே ஆஸ்பெனைப் பெருக்க விதையை நாட வேண்டும், அல்லது வேரிலிருந்து எழும் இளந்துளிரை நாட வேண்டும், அல்லது ஆய்வகத்தை நாட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு, ஆபத்து வேறு.

என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். எந்த முறை சிறந்தது என்பதைத் தீர்மானிப்பது, கையிலிருக்கும் மரத்தின் நோய் எதிர்ப்பு எவ்வளவு சோதிக்கப்பட்டது என்பதே. நன்கு சோதித்த மரத்தை நகலெடுப்பது லாபம். சோதிக்காத மரத்தை ஆயிரக்கணக்கில் நகலெடுத்தால் நம் அறியாமையும் அதே எண்ணிக்கையில் நடப்படுகிறது.

## முதலில் அளவுகோல்கள்

எந்த நோய்க்கு எதிர்ப்பு? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. ஆஸ்பெனைத் தாக்கும் நோய்கள் பல. ஒன்றைத் தாங்கும் மரம் மற்றொன்றையும் தாங்கும் என்று கொள்ள முடியாது.

வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் மிகுந்த சேதம் விளைவிப்பது ஹைப்பாக்சிலான் தண்டுப்புண் நோய். என்டோலூக்கா மம்மாட்டா என்ற பூஞ்சை, பட்டையில் ஏற்பட்ட காயங்கள் வழியே நுழைகிறது. பூச்சிகள் முட்டையிடத் துளைத்த இடங்களும் அதற்குப் போதும். தொடக்கத்தில் பட்டை மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் சற்றே அமுங்கித் தெரியும். பிறகு மேற்பட்டை கொப்புளம்போல் எழும்பி உரிய, உள்ளே கருமையும் வெளிர் நிறமும் மாறி மாறிக் கட்டம் கட்டினாற்போல் தோன்றும். புண் தண்டைச் சுற்றி வளைத்ததும் அதற்கு மேலுள்ள பகுதி காய்ந்துவிடும். தெளித்துக் குணப்படுத்த மருந்து இல்லை. இந்த நோயைத் தாங்கும் திறன் குளோனுக்குக் குளோன் (ஒரே மரத்தின் மரபு மாறாத நகல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குளோன்) பெரிதும் வேறுபடுவதால், மரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இதற்குரிய மருந்து.

வெஞ்சூரியா துளிர்க்கருகல் வேறு வகையானது. ஈரமான வசந்தத்தில் இளந்துளிர் கறுத்து, நுனி கொக்கிபோல் வளைந்து தொங்கும். இளங்கன்றுகளின் வளர்ச்சியை இது முடக்கும். மரம் உயர்ந்தபின் அவ்வளவாகத் தொல்லை தராது. மெலாம்ப்சோரா துரு நோய் கோடையின் பிற்பகுதியில் இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடியாகக் காணப்படும். இந்தப் பூஞ்சை தன் வாழ்வின் ஒரு பகுதியை ஊசியிலை மரங்களில் கழிப்பதால், ஐரோப்பாவில் இளம் பைன் கன்றுகளின் துளிர்களை முறுக்கிக் கெடுப்பதும் இதே கூட்டம்தான். பைன் நடவுக்குப் பக்கத்தில் ஆஸ்பென் வைப்பவர் அண்டை நிலத்தாருக்கும் பொறுப்பாகிறார். கடைசியாக, ஃபெல்லினஸ் டிரெமுலே உண்டாக்கும் தண்டு உள்ளழுகல்: வெளியே குளம்பு வடிவில் காளான் தோன்றும்போது உள்மரம் பல ஆண்டுகளாகவே அழுகிக்கொண்டிருக்கும்.

இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு சங்கடம் புலப்படும். துருவையும் துளிர்க்கருகலையும் நாற்றங்காலிலேயே ஓரிரு பருவங்களில் மதிப்பிடலாம். தண்டுப்புண் நோய்க்கு வயலில் 10 ஆண்டுகளாவது தேவை. உள்ளழுகலுக்கு அதுவும் போதாது. "நோய் தாங்கும் குளோன்" என்று ஒருவர் விற்கும்போது, எந்த நோய், எந்த வயதில், எந்த மண்ணில் என்ற மூன்றையும் கேட்டுப் பெறுங்கள்.

எதிர்ப்புத்திறன் மாறாமல் வந்து சேருமா? விதையில் அது பெற்றோரிடமிருந்து பகுதியாகவே வரும். விதையின்றி வேர், தண்டு போன்ற பகுதிகளிலிருந்து பெருக்கும் உடல்வழிப் பெருக்கத்தில் அப்படியே வரும். ஆனால் தாய்மரத்தின் பலவீனங்களும் அப்படியே வரும்.

மரபு வகைகளின் எண்ணிக்கை எவ்வளவு? காடு முழுவதும் ஒரே குளோனாக இருந்தால், அதை வெல்லும் ஒரு பூஞ்சை வகை தோன்றியதும் காடு முழுவதும் ஒரே நேரத்தில் நோய்வாய்ப்படும்.

மொத்தச் செலவும் கால அவகாசமும் என்ன? கன்றின் விலையோடு சோதனைக்கான ஆண்டுகள், பெருக்கும்போது ஏற்படும் இழப்பு, வேலி, பதிவேடு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1999ஆம் ஆண்டின் வன இனப்பெருக்கப் பொருள் நெறிமுறை, குளோன்களையும் குளோன் கலவைகளையும் தகுதிபெற்றவை, சோதிக்கப்பட்டவை என்ற பிரிவுகளின்கீழ்தான் சந்தைக்கு அனுமதிக்கிறது. ஆகவே அங்கு சோதனைப் பதிவுகளைத் திரட்டும் செலவைத் தவிர்க்க முடியாது.

தவறினால் திருத்த முடியுமா? ஆஸ்பெனுக்கே உரிய இந்த அளவுகோலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மரத்தை வெட்டியதும் அதன் கிடைவேர்களிலிருந்து கன்றுகள் எழுகின்றன. அடர்ந்த தோப்பில் முதல் ஆண்டிலேயே ஹெக்டேருக்குப் பல பத்தாயிரம் கன்றுகள் வரலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஃபிஷ்லேக் தேசிய வனத்திலுள்ள பாண்டோ என்னும் ஆஸ்பென், ஏறத்தாழ 43 ஹெக்டேரில் 47,000 தண்டுகளாகப் பரவியிருக்கும் ஒரே குளோன். இன்று நீங்கள் நடும் குளோன், முதல் அறுவடையோடு நிலத்தை விட்டுப் போகாது. 20 முதல் 25 ஆண்டுச் சுழற்சியில் வெட்டப்படும் கலப்பின ஆஸ்பென் தோட்டத்தில் அடுத்த சுழற்சியும் அதற்கடுத்ததும் பெரும்பாலும் அதே குளோனாகவே எழும்.

## விதைவழிப் பெருக்கம்

ஆஸ்பெனில் ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனி. மகரந்தத்தைக் காற்று கொண்டுசெல்கிறது. ஆகவே காட்டில் நோயற்று நிற்கும் பெண்மரத்தின் விதையைச் சேகரித்தால் தாய் யாரென்று தெரியும், தந்தை யாரென்று தெரியாது. இரு பக்கமும் தெரிய வேண்டுமானால் கட்டுப்படுத்திய கலப்பு தேவை. அது ஆஸ்பெனில் வியக்கத்தக்க அளவு எளிது. குளிர்காலத்தின் இறுதியில் பூமொட்டுள்ள கிளைகளை வெட்டி, கண்ணாடிக்கூடத்தில் நீர்க்கலத்தில் நிறுத்தினால் பூங்கதிர்கள் விரியும். ஆண்கிளையின் மகரந்தத்தைத் தாளில் உதிர்த்தெடுத்துப் பெண்கதிரில் தூரிகையால் தடவினால், வெட்டிய கிளையிலேயே சில வாரங்களில் காய் முற்றிப் பஞ்சு வெடிக்கும். மரத்தில் ஏற வேண்டியதில்லை, மரம் முழுவதற்கும் உறையிட வேண்டியதும் இல்லை.

விதை மிக நுண்ணியது. ஒரு கிராமில் 5,000க்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். அறைச் சூழலில் சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். நன்கு உலர்த்தி உறைநிலையில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் காக்கலாம். ஈரமான பரப்பில் தூவினால் ஓரிரு நாளில் முளைக்கும். அதன்பின் வரும் முதல் சில வாரங்கள்தான் சோதனைக்காலம். நாற்றின் வேர் நூலினும் மெலிதாக இருப்பதால் மேற்பரப்பு ஒரு நண்பகல் காய்ந்தாலும் மொத்தத் தட்டும் போய்விடும். ஈரம் மிகுந்தாலோ நாற்றழுகல் நோய் வரும். ஊற்றும் நீரின் வேகமே விதையைப் புதைத்துவிடக்கூடும் என்பதால் தட்டின் அடியிலிருந்து நீர் ஏற்றுவதே நல்லது.

விதைக்கு விலை குறைவுதான். மறைந்திருக்கும் செலவு, பின்னர் செய்ய வேண்டிய கழிப்பில் இருக்கிறது. எதிர்ப்புள்ள இரு பெற்றோரைக் கலந்தாலும் பிள்ளைகளில் ஒரு பகுதி நோய்க்கு ஆளாகும். கூடுதலாக நட்டு, நோயுற்றவற்றை நாற்றங்காலிலும் வயலிலும் கழிக்க வேண்டும். வளர்ச்சியும் சீராக இராது. தண்டு நேராக ஓங்குவதும் பக்கக் கிளை விடுவதும் கன்றுக்குக் கன்று மாறும். காகிதக் கூழுக்கு ஒரே பருமனில் மரம் எதிர்பார்க்கும் ஆலைக்கு இது பிடிக்காது.

ஆனால் சீரின்மை என்று நாம் குறைபடும் அதே குணம் நோய்க்கு எதிரான காப்பீடாகவும் இருக்கிறது. ஒவ்வொரு கன்றும் தனி மரபு வகை என்பதால் எந்த ஒரு பூஞ்சை வகையும் அனைத்தையும் ஒருசேர வீழ்த்த முடியாது. நோய் வந்து சிலவற்றைக் கொன்றால், எஞ்சியவை அடுத்த சுழற்சிக்கு வேர்க்கன்று தரும் தாய்களாகின்றன. எதிர்ப்பு இன்னும் சோதிக்கப்படாத நிலையில் பெருக்கத்தைத் தொடங்குவோருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழியை நான் அறியேன். விதையால் கைகூடாத ஒன்று மும்மடிய மரங்கள். 1935இல் ஸ்வீடனின் தெற்கிலுள்ள லில்லோவில் கண்டறியப்பட்டதைப் போன்ற, மூன்று தொகுதி குரோமோசோம்கள் கொண்ட பேரிலை ஆஸ்பென்கள் வளமான விதையை நம்பகமாகத் தருவதில்லை. அவற்றை உடல்வழியில்தான் பெருக்க முடியும்.

## வேர்த்துளிர்ப் போத்து

தேர்ந்தெடுத்த ஒரு மரத்தின் உண்மையான நகல் வேண்டும், ஆய்வக வசதியோ இல்லை என்போருக்கு நடைமுறையில் கைகொடுக்கும் முறை இது. போத்து என்பது வேர்விட வெட்டி ஊன்றும் துண்டு. முதிய ஆஸ்பெனின் கிளை வேர்விடும் திறனை இழந்திருந்தாலும் அதன் வேரிலிருந்து புதிதாக எழும் துளிர் இளமைக் குணத்தோடு இருக்கும். அந்தத் துளிர் எளிதில் வேர்விடும். மரத்தின் உச்சியிலிருந்து கீழிறங்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியே வேரிலுள்ள துளிர்களை அடக்கி வைத்திருக்கிறது. வேரைத் தாய்மரத்திலிருந்து துண்டித்ததும் அந்த அடக்குமுறை நீங்குகிறது.

இலை விரியுமுன், வேரில் உணவிருப்பு நிறைந்திருக்கும் வசந்தத் தொடக்கத்தில், ஏறத்தாழ 1 முதல் 2.5 சென்டிமீட்டர் பருமனுள்ள கிடைவேர்களைத் தோண்டி எடுக்க வேண்டும். அவை தரைக்கு மிக அருகிலேயே ஓடும். மண்ணை மென்மையாகக் கழுவி, பட்டை சிராயாமல், ஒரு சாண் அளவுக்கு உட்பட்ட துண்டுகளாக நறுக்கி, பூஞ்சைக்கொல்லியில் நனைத்து, வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் என்னும் இலேசான கனிமத் துகள் நிரப்பிய தட்டில் படுக்கவைத்து மெல்லிய அடுக்கால் மூட வேண்டும். மிதமான வெப்பத்தில் நான்கு முதல் ஆறு வாரங்களில் துளிர்கள் எழும். அவை சில சென்டிமீட்டர் உயர்ந்து இலை விரித்ததும், வேரோடு சேரும் இடத்தில் கூரிய கத்தியால் அறுத்து, அடிப்பகுதியை இண்டோல் பியூட்டிரிக் அமிலம் என்னும் வேரூக்கியில் தோய்த்து, நுண்துளியாக நீர் தெளித்து ஈரம் காக்கும் மூடுபனிக் கூடத்தில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் இறங்கும். வேர்த்துண்டு அடுத்தடுத்துத் துளிர் தரும் என்பதால் ஒரே துண்டிலிருந்து சில முறை அறுவடை செய்யலாம்.

தட்டை நனைப்பதில் கை சற்று இறுக்கமாகவே இருக்கட்டும். நீர் தேங்கினால் வேர்த்துண்டின் வெட்டுமுனை பழுப்பாகி, பட்டை விரலால் அழுத்தினாலே வழுக்கிக்கொண்டு வரும். அந்தத் துண்டைக் காப்பாற்ற முயல வேண்டாம்; அருகிலுள்ளவற்றைக் காக்க உடனே அப்புறப்படுத்துங்கள்.

இங்கே மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது அடையாளம். தோப்பில் அண்டைக் குளோன்களின் வேர்கள் பின்னிக் கிடக்கும். நோயற்ற மரத்தின் அடியில் தோண்டிய வேர், நோயுற்ற பக்கத்து மரத்துடையதாக இருக்கலாம். அடிமரத்திலிருந்து வேரைத் தொடர்ந்து சென்று எடுக்க வேண்டும். முடிந்தால் தாய்மர இலையையும் துளிரின் இலையையும் டி.என்.ஏ. குறிப்பான்களால் ஒப்பிட வேண்டும். இந்தச் சோதனைக்கு ஆகும் பணத்தை மிச்சப்படுத்துவது, தவறான மரத்தால் ஒரு தோட்டத்தையே நிரப்பும் ஆபத்தை விலைக்கு வாங்குவது. இரண்டாவது, குளோன்களுக்கு இடையிலான வேறுபாடு. சில குளோன்கள் தாராளமாகத் துளிர்விடும், சில ஒன்றிரண்டோடு நிறுத்திவிடும். எளிதாகப் பெருகுபவையே நாற்றங்காலில் நிறைய, எதிர்ப்பு மிகுந்தவை பின்தங்கிப் போகும். யாரும் திட்டமிடாமலேயே, தேர்வின் அளவுகோல் நோய் தாங்குவதிலிருந்து எளிதில் பெருகுவதற்கு மாறிவிடும். திசு வளர்ப்பிலும் இதே ஆபத்து உண்டு. அங்கே இன்னும் வேகமாக நிகழும்.

தோப்பில் ஏற்கெனவே எழுந்து நிற்கும் வேர்க்கன்றுகளைத் தோண்டி நடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அவை தாய்வேரையே நம்பி வளர்பவை. சொந்த வேர் மிகக் குறைவு. பிடுங்கி நட்டால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

## வேர்த்துண்டை நேரடியாகக் கன்றாக்குதல்

சில சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய வேர்த்துண்டுகளைத் தனித்தனிக் குழியில் வைத்து, துளிரும் புதுவேரும் ஒரே துண்டிலிருந்து வரும்படி செய்வது இந்த முறை. அறுத்து ஊன்றும் வேலையும் மூடுபனிக் கூடமும் மிச்சம். காட்டு மரத்தின் வேரை விட, நாற்றங்காலில் தாய்ச்செடிகளாக வளர்த்த இளங்கன்றுகளின் வேரே இதற்கு ஏற்றது. பின்லாந்தில் 1990களில் காகித ஆலைகளுக்காகக் கலப்பின ஆஸ்பென் மீண்டும் கவனம் பெற்றபோது கன்றுகள் திசு வளர்ப்பில் தயாராயின, விலையும் உயர்வாக இருந்தது. அந்த விலையைக் குறைக்கும் வழியாக வேர்த்துண்டு முறை அங்கு ஆராயப்பட்டது. துளிர்ப்பதிலும் வேர்விடுவதிலும் குளோன்களுக்கு இடையே பெரும் வேறுபாடு இருப்பதே இதன் பலவீனம். முளைக்காத துண்டுகளால் குழிகள் காலியாக நிற்கும். அந்தக் காலிக் குழிகளின் செலவையும் கன்றின் விலையில் ஏற்ற வேண்டும். நன்றாக முளைக்கும் குளோன் என்று முன்பே தெரிந்திருந்தால் இதைவிடச் சிக்கனமான உடல்வழி முறை இல்லை.

## திசு வளர்ப்பு

மரங்களுக்குத் திசு வளர்ப்பு சாத்தியமா என்ற கேள்விக்கு ஆரம்பகால விடைகளில் ஒன்றைத் தந்ததே ஆஸ்பென்தான். 1970 வாக்கில் மும்மடிய ஆஸ்பெனின் திசுவிலிருந்து முழுக் கன்றுகள் பெறப்பட்டுவிட்டன. இன்றைய வழக்கமான முறையில் மொட்டைக் கிருமிநீக்கம் செய்து, ஊட்டக்கூழில் வைத்து, சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கியின் உதவியால் இலைக்கக்கத்தில் எழும் துளிர்களைப் பெருக்கி, பிறகு வேர்விடச் செய்கிறார்கள்.

இதன் வலிமை எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு துளிர் மாதத்துக்கு மூன்றாகப் பெருகினால் பத்து மாதங்களில், காகிதக் கணக்கில், 59,049 துளிர்கள் ஆகும். இழப்பைக் கழித்தாலும் வேறெந்த முறையும் இதை நெருங்காது. வேலை பருவத்தைச் சார்ந்ததும் இல்லை. மண்ணும் பட்டையும் கூட வராததால் மண்வழிப் பூஞ்சைகள் இடம்பெயரும் வாய்ப்பும் குறைவு. ஆனாலும் திசுவுக்குள் மறைந்து வாழும் பாக்டீரியாக்கள் மாதக்கணக்கில் அடங்கியிருந்து, பின்னர் குடுவையில் பால்போலக் கலங்கி வெளிப்படுவதுண்டு. வளர்ப்பறையில் அந்தக் குளோனை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

செலவுகளை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். கிருமியற்ற அறை, மின்சாரம், ஒவ்வொரு துளிரையும் கையால் வெட்டி மாற்றும் கூலி ஆகியவை கன்று ஒன்று விற்றாலும் ஆயிரம் விற்றாலும் இருக்கும். குடுவையை விட்டு வெளியே வந்த கன்றின் இலையில் மெழுகுப் பூச்சு போதாது, இலைத்துளைகளும் சரியாக மூடுவதில்லை. ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கடினப்படுத்தாவிட்டால் முதல் வாரத்திலேயே பெரும்பகுதி சுருண்டுவிடும். விலைப்பட்டியலைக் கேட்கும்போது, குறிப்பிட்ட விலை குடுவையில் நிற்கும் துளிருக்கா, கடினப்படுத்தி வயலுக்குத் தயாரான கன்றுக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதல்ல.

உருமாறாத திசுத்திரளாகிய காலஸ் வழியாகப் பெருக்கினால் கன்றுகளிடையே மரபு மாறுபாடு எழக்கூடும்; எதிர்ப்புத்திறனை அப்படியே கடத்த வேண்டும் என்பதற்காகவே இந்தச் செலவைச் செய்பவருக்கு அது அடிப்படையையே கெடுக்கும். கக்கமொட்டு வழியை வலியுறுத்துங்கள்.

ஆய்வகத்தையும் நாற்றங்காலையும் இணைக்கும் நடுவழி ஒன்றும் உண்டு. என் பார்வையில் நடுத்தர நாற்றங்காலுக்கு அதுவே அதிகம் பொருந்துகிறது. திசு வளர்ப்பில் இளமை திரும்பிய சில நூறு கன்றுகளை வாங்கித் தாய்ச்செடி வரிசையாக வைத்து, தாழ்வாகக் கத்தரித்து, அவை தரும் பசுந்தண்டுப் போத்துகளை மூடுபனிக் கூடத்தில் வேர்விடச் செய்யலாம். ஆய்வகச் செலவு ஒருமுறையோடு முடிகிறது. தாய்ச்செடிகள் வயதாகும்போது வேர்விடும் விகிதம் குறையும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைப் புதுப்பிக்க வேண்டும்.

## தோப்பிலேயே வேர்க்கன்று எழுப்புதல்

நல்ல ஆஸ்பென் தோப்பு ஏற்கெனவே நிற்கிறது என்றால் நாற்றே தேவையில்லை. மரங்கள் உறங்கும் பருவத்தில் முழுமையாக வெட்டினால், வெயில் பட்டுச் சூடேறிய மண்ணிலிருந்து வேர்க்கன்றுகள் தாமாக எழும். ஈர மண்ணில் கனரக வாகனங்கள் ஓடி வேர்களை நசுக்காமல் பார்ப்பதும், மூஸ் என்னும் பெரிய மானும் மற்ற மான்களும் மேயாமல் காப்பதும்தான் வேலை. அடர்ந்து எழும் கன்றுகள் தமக்குள் போட்டியிட்டு மெலிந்தவற்றைக் கழித்துக்கொள்ளும். ஹைப்பாக்சிலான் நோய் அடர்த்தி குறைந்த தோப்புகளிலும் ஓரங்களிலும் அதிகம் என்பதால் இந்த அடர்த்தியே ஒரு பாதுகாப்பு. ஹெக்டேருக்கு 1,000 முதல் 1,600 கன்றுகள் வரை இடைவெளிவிட்டு நடும் குளோன் தோட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே கிளை கழிக்கும் ஒவ்வொரு காயமும் நோய்க்கு வாசல்.

தோப்பு நோயுற்றிருந்தால் இந்த வழி, நோய்க்கு ஆளான குளோனையே மீண்டும் வளர்க்கும். பேரேரிப் பகுதி வனத்துறையின் பழைய வழிகாட்டுதல் இன்றும் பயன்படும்: தண்டுப்புண் நோய் 15 விழுக்காட்டுக்கும் குறைவான மரங்களில் இருந்தால் முழுச் சுழற்சிவரை விடலாம், 15 முதல் 25 விழுக்காடு வரை இருந்தால் முன்கூட்டியே வெட்டி மீண்டும் ஆஸ்பெனை எழுப்பலாம், அதற்கும் மேல் இருந்தால் வேறு மர இனத்துக்கு மாறுவது நல்லது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | விதை | வேர்த்துளிர்ப் போத்து | வேர்த்துண்டு | திசு வளர்ப்பு | தோப்பு வேர்க்கன்று |
|---|---|---|---|---|---|
| எதிர்ப்பு மாறாமல் வருதல் | பகுதியாக | முழுமையாக | முழுமையாக | கக்கமொட்டு வழியில் முழுமையாக | இருக்கும் குளோன்படி |
| மரபு வகைகள் | மிகப் பல | தேர்வைப் பொறுத்து | தேர்வைப் பொறுத்து | பெரும்பாலும் சில | தோப்பைப் பொறுத்து |
| தொடக்க முதலீடு | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | மிக அதிகம் | மிகக் குறைவு |
| பெருகும் வேகம் | அதிகம் | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | உடனடி, அதே நிலத்தில் மட்டும் |
| மறைந்த செலவு | கழிப்பு, சீரின்மை | அடையாளச் சோதனை | காலிக் குழிகள் | கடினப்படுத்தல் இழப்பு | மேய்ச்சல், பழைய நோய் |

## எந்த நிலையில் எது?

காட்டில் நோயற்று நிற்கும் சில மரங்களைக் கண்டிருக்கிறீர்கள், அவற்றைப் பற்றி வேறெதுவும் தெரியாது என்றால், வேர்த்துளிர்ப் போத்தால் ஒவ்வொன்றிலும் சில பத்துக் கன்றுகள் எடுத்துச் சோதனை வயலில் வையுங்கள். நோயற்று நிற்பது எதிர்ப்பாலும் இருக்கலாம், நோய் அந்த மூலைக்கு எட்டாததாலும் இருக்கலாம். பிரித்தறிய வேறு வழி கிடையாது. சோதனை நடக்கும் ஆண்டுகளில் நிலத்தைச் சும்மா விட மனமில்லாதவர், அதே மரங்களைத் தமக்குள் கலந்து பெற்ற விதைக்கன்றுகளை நடலாம். சோதனையில் ஒரு தாய்மரம் தோற்றாலும் நட்டது முழுவதும் வீணாகாது.

10 ஆண்டுகளுக்கும் மேலாகப் பல மண்ணில் சோதித்த குளோன்கள் கையில் இருந்து, நூற்றுக்கணக்கான ஹெக்டேருக்குக் கன்று வேண்டுமானால் திசு வளர்ப்பின் செலவு நியாயமாகிறது. அதே குளோன்கள், ஆனால் தேவை ஆண்டுக்குச் சில ஆயிரம் கன்றுகள் மட்டுமே என்றால், தாய்ச்செடி வரிசையும் பசுந்தண்டுப் போத்தும் போதும். இயற்கைக் காட்டை மீட்பதே நோக்கம் என்றால் விதையையும் வேர்க்கன்றையும் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே தண்டு நேராக இருப்பதை விட மரபு வகைகளின் எண்ணிக்கை முக்கியம்.

சோதிக்காத ஒரே ஒரு குளோனைத் திசு வளர்ப்பில் லட்சக்கணக்கில் பெருக்கும் திட்டத்தை எந்த நிலையிலும் ஏற்காதீர்கள், விலை எவ்வளவு குறைத்துச் சொல்லப்பட்டாலும் சரி. எத்தனை குளோன்கள் போதும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; ஒற்றை இலக்கத்தில் நிறுத்துவதை விடச் சில பத்துகள் வைப்பது பாதுகாப்பு. அவற்றைக் கன்றுக்குக் கன்று கலந்து நடுவதா, குளோனுக்கு ஒரு சிறு திட்டு என்று ஒதுக்குவதா என்ற கேள்வியில் நான் திட்டுமுறையின் பக்கம். கலந்து நட்டால் நோய் பரவுவது மெதுவாகும் என்பது உண்மைதான். ஆனால் முதல் அறுவடைக்குப் பின் வேர்க்கன்றுகள் குறுக்கும் நெடுக்குமாக எழும்போது எது எந்தக் குளோன் என்று கண்டறிய முடியாது. திட்டாக நட்டு, நடவு வரைபடத்தில் ஒவ்வொன்றின் எல்லையையும் குறித்து வைத்தால், பிற்காலத்தில் ஒரு குளோன் தண்டுப்புண் நோய்க்கு ஆளாவது தெரியவரும்போது அந்தத் திட்டை மட்டும் நீக்கலாம். அப்போதும் உடனே வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் அதே குளோன் ஆயிரம் கன்றுகளாக எழும். அறுவடைக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அந்த மரங்களின் பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்து நிற்கவிட்டால், வேருக்கு உணவு இறங்காமல் இருப்பு தீர்ந்து, பிறகு வெட்டும்போது எழும் கன்றுகள் வெகுவாகக் குறையும்.